சேர்ந்து நிற்கக் கூடாதவர்கள்

டெல்ஃபின் கட்டிலின் கால்மாட்டில் முட்டிபோட்டு, அப்பாவின் கணுக்காலில் இருந்த கருப்புப் பட்டையில் ஒயரைச் சொருகினாள். பட்டை ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். மூன்று மாதமாக இதுதான் வழக்கம். கால் மெலிய மெலியப் பட்டை குதிகால்வரை நழுவத் தொடங்கியிருந்தது. தோல் உரியாமலிருக்க நர்ஸ் அதனடியில் பஞ்சு சுற்றியிருந்தாள். பட்டையை அவிழ்க்க நர்ஸுக்கு அதிகாரம் கிடையாது. டாக்டருக்கும் கிடையாது.

“சார்ஜ் ஏறுதா?” என்றார் லூசியஸ். கண்ணைத் திறக்கவில்லை.

“ஏறுது.”

“எனக்குத்தான் இறங்குது.”

சிரிக்கப் பார்த்தார். அது இருமலில் போய் முடிந்தது. டெல்ஃபின் அவர் தலையைத் தூக்கிப் பிடித்து, ஈரத் துணியால் உதட்டை நனைத்தாள். அவர் தண்ணீர் விழுங்கி இரண்டு நாளாயிற்று.

லூசியஸ் மேப்ரி இருபத்தைந்து வருடம் சிறையில் இருந்தவர். இருபத்தைந்து வயதில் இரண்டு கூட்டாளிகளோடு ஒரு மதுக்கடையைக் கொள்ளையடிக்கப் போனார். கடைக்காரர் செத்துப்போனார். லூசியஸ் சுடவில்லை, வெளியே காரில் உட்கார்ந்திருந்தார். அதை அவர் யாரிடமும் சாக்காகச் சொன்னதில்லை. அப்போது டெல்ஃபினுக்கு நான்கு வயது. நிபந்தனையின் பேரில் விடுதலையாகி அவர் வெளியே வந்தபோது அவளுக்கு இருபத்தொன்பது. நகரப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தாள். அவர் இல்லாத வாழ்க்கை அவளுக்குப் பழகிப் போயிருந்தது.

வெளியே வந்தவர் ஒரு மூலையில் அடங்கி உட்காரவில்லை. சிறையிலிருந்து வருகிறவர்களுக்காக நடக்கும் ‘புது வாசல்’ சங்கத்தில் சேர்ந்தார். அடையாள அட்டை இல்லாதவனுக்கு அட்டை, பிறந்த சான்றிதழ் இல்லாதவனுக்குச் சான்றிதழ், பழைய வழக்கைக் கேட்காமல் வேலை தருகிற முதலாளி, வீடு தருகிற சொந்தக்காரி என்று நாள் முழுக்க அலைந்தார். யாராவது விடுதலையாகும் நாளில் விடிந்ததும் சிறை வாசலில் போய் நின்றுவிடுவார். ஒரு கையில் கோட்டு, இன்னொரு கையில் காகிதத்தில் சுற்றிய சூடான முட்டை சாண்ட்விச். வருகிறவன் யார், என்ன செய்தவன் என்றெல்லாம் கேட்கமாட்டார். “முதல்ல சாப்பிடு” என்பார். ஆறு வருடத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை இப்படி அழைத்து வந்திருக்கிறார். டெல்ஃபின் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவதாகச் சொல்லிவிட்டு வராமல்போன தடவைகளையும் எண்ணினால் கிட்டத்தட்ட அவ்வளவு தேறும்.

சிறைக்குப் போய்வந்தவர்கள் நிபந்தனைக் காலம் முடியும்வரை ஒருவரோடொருவர் சேரக் கூடாது என்று ஒரு விதி. சங்கத்து அறைக்குள், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு எத்தனை பேர் வேண்டுமானாலும் உட்காரலாம். கூட்டம் முடிந்து வாசற்படி இறங்கி இரண்டு பேர் ஒன்றாகப் பேருந்துக்கு நடந்தால் குற்றம். அந்த விதியை எடுக்கச் சொல்லி, போன நவம்பரில் மாநிலத் தலைநகரில் ஒரு குழுவின் முன்னால் பேசக் கூப்பிட்டார்கள். போனார். பேசினார். குழுவில் இருந்தவர்கள் எழுந்து கைகொடுத்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். திரும்பும் வழியில் பேருந்து பனியில் சிக்கிக்கொண்டது. நிபந்தனைப்படி அவர் இரவு ஒன்பது மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும். வந்து சேர்ந்தபோது ஒன்பது ஐம்பது. அதற்குத்தான், அவர் எங்கே இருக்கிறார் என்று அதிகாரிக்குக் காட்டிக்கொண்டே இருக்கும் இந்தப் பட்டை, நூற்றிருபது நாளைக்கு. மூன்று வாரம் கழித்துக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. சாகக் கிடக்கிற மனிதன், பட்டையை எடுத்துவிடுங்கள் என்று டெல்ஃபின் மூன்று கடிதம் எழுதினாள். மூன்றுக்கும் ஒரே பதில்: பரிசீலனையில் உள்ளது.

“இன்னிக்கு என்ன கிழமை?”

“செவ்வாய்.”

“வியாழக்கிழமை ஒருத்தன் வெளிய வர்றான். கோர்மன்னு பேரு. பத்தொன்பது வருஷம். அவனுக்குன்னு யாரும் இல்ல.” மூச்சு வாங்கியது. “கேட்டு வாசல்ல யாராவது நிக்கணும்.”

“நிப்பாங்க. நீங்க பேசாதீங்க.”

“தாடியஸ்கிட்ட சொல்லு. கோட்டு பெரிய சைஸா எடுத்துட்டுப் போகச் சொல்லு. உள்ள இருந்தவன் ஒண்ணு ஊதியிருப்பான், இல்ல வத்தியிருப்பான். பெருசுன்னா ரெண்டுக்கும் ஆகும். சாண்ட்விச்சு மட்டும் சூடா...”

“அப்பா!” டெல்ஃபின் துணியைக் கிண்ணத்தில் போட்டாள். தண்ணீர் தெறித்தது. “சாகற நேரத்துலயும் அவனுங்க கவலைதானா உங்களுக்கு?”

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. இத்தனை நாளில் அந்த வீட்டில் யாரும் அந்தச் சொல்லை வாயில் எடுத்ததில்லை.

லூசியஸ் கண்ணைத் திறந்தார். மஞ்சள் பூத்த கண். கோபம் எதுவும் இல்லை. “நீ சாப்பிட்டியா?” என்றார்.

அவள் சமையலறைக்குப் போனாள். அடுப்பில் சோளக்கஞ்சி கட்டிதட்டிக்கொண்டிருந்தது. கரண்டியால் அதை வேகவேகமாகக் கிளறினாள். உள்ளே அப்பாவின் அக்கா ஓசெல்லா அத்தை தாழ்ந்த குரலில் ஏதோ ஜெபம் சொல்வது கேட்டது. பிறகு அது நின்றது. குரலை உயர்த்தாமல் அத்தை ஒரே ஒருமுறை கூப்பிட்டாள்.

“டெல்ஃபின்.”

அடுப்புக் கடிகாரத்தில் பத்து நாற்பது.

நர்ஸ் வந்து பார்த்து நேரத்தைக் குறித்தாள். உடம்பை நேராக்கிக் கிடத்தும்போது ஒயரைப் பிடுங்கி ஓரமாகப் போட்டாள். இரண்டு பெண்களையும் அணைத்துவிட்டு அடுத்த நோயாளியின் வீட்டுக்குப் போய்விட்டாள். அத்தை வெந்நீர் வைத்துத் தம்பியின் முகத்தைத் துடைத்தாள், கன்னத்து நரைமுடியைச் சீவினாள். எழுபது வயதுக்காரி. அழவில்லை. “பொறந்தப்பவும் இவனுக்கு நான்தான் மூஞ்சி தொடச்சேன்” என்று மட்டும் சொன்னாள்.

மத்தியானம் போர்வைக்கடியில் கால் நடுங்கியது. இருவரும் திடுக்கிட்டார்கள். பட்டையிலிருந்து ஒரு பெண்குரல், கம்பெனிகளுக்குப் போன் செய்தால் காத்திருக்கச் சொல்லும் அதே இனிமையோடு, பேசியது.

“பேட்டரி குறைவாக உள்ளது. உடனே சார்ஜ் செய்யவும்.”

டெல்ஃபின் எழுந்து ஒயரை எடுத்தாள். கால்மாட்டில் முட்டிபோட்டு, போர்வையை விலக்கி, துளையைத் தேடினாள்.

“என்ன கண்ணு பண்றே?” என்றாள் அத்தை.

கையில் ஒயரோடு அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அடக்க நிலையம் நடத்தும் பெட்வே, கருப்புக் கோட்டும் கையுறையுமாக மூன்று மணிக்கு வந்தார். கருப்பர்கள் வாழும் அந்தப் பகுதியில் முக்கால்வாசிப் பேரை அடக்கம் செய்தவர். பட்டையைப் பார்த்ததும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“இதை வெட்ட எனக்கு அனுமதி இல்லம்மா. கவர்மெண்ட் சொத்து. அவங்க வந்து எடுத்தாதான் நான் அவரை எடுத்துட்டுப் போக முடியும்.”

கண்காணிப்பு அதிகாரி பிராண்ட் வரும்போது மணி ஐந்து. நாற்பது வயது, மெலிந்த வெள்ளைக்காரர். வாசலில் பூட்சின் பனியைத் தட்டிவிட்டு, மிதியடியில் இரண்டு தடவை துடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். தொப்பியைக் கழற்றி, “ரொம்ப வருத்தமா இருக்கு மேடம்” என்றார். உண்மையிலேயே வருத்தமாகத்தான் இருந்தார். அதுதான் டெல்ஃபினுக்குத் தாங்கவில்லை.

அவர் ஒரு சின்னக் கருவியைப் பட்டையில் நுழைத்துத் திருகினார். கழன்று வந்தது. அடியில் பஞ்சு ஒட்டிய இடத்தில் சதை வெளிறி, வளையமாகப் புண். பிராண்ட் அதைப் பார்த்துவிட்டு உடனே போர்வையை இழுத்து மூடினார். பட்டையை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, ஒரு காகிதத்தை நீட்டினார்.

“கருவி நல்ல நிலைமையில திரும்பக் கிடைச்சதுன்னு ஒரு கையெழுத்து.”

“கருவி நல்லா இருக்கு” என்று சொல்லி டெல்ஃபின் கையெழுத்திட்டாள்.

அவர் வாசல்வரை போய்த் திரும்பினார். “உங்க அப்பாவால எனக்கு ஒருநாளும் ஒரு தொந்தரவு வந்ததில்ல மேடம்.”

“அப்புறம் எதுக்கு இது?”

பிராண்ட் தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு அடக்கம் என்று முடிவாயிற்று. பெட்டி தூக்க ஆறு பேர் வேண்டும் என்றார் பெட்வே. “உங்க அப்பாவுக்கு என்னம்மா, அறுபது பேர் வருவாங்க” என்றார்.

அப்பாவின் கைபேசியில் இருந்த பெயர்களை டெல்ஃபின் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். முதல் ஆள் குரலைக் கேட்டதும் அழுதான். பெட்டி தூக்க வர முடியுமா என்றதும் முதுகுவலி என்றான். இரண்டாவது ஆளுக்கு ஷிப்ட் மாற்ற முடியாது. மூன்றாவது ஆள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றான். நான்காவது ஆள், “உங்கப்பா இல்லன்னா நான் இன்னிக்குப் பாலத்தடியில கெடப்பேன்” என்று நெடுநேரம் பேசிவிட்டு, சனிக்கிழமை ஊரில் இருக்கமாட்டேன் என்றான். வெள்ளிக்கிழமை காலைக்குள் பதினேழு பேரைக் கூப்பிட்டிருந்தாள். பதினேழாவது ஆள் எடுக்கவே இல்லை.

“பாத்தீங்களா அத்தை?” கைபேசியை மேசையில் தூக்கி எறிந்தாள். “பெத்த பொண்ணு வீட்டுக்குச் சோறு தின்ன வர நேரமில்ல. இவனுங்களுக்குக் கோட்டு தூக்கிட்டு ஓடினாரு. இப்ப அவரைத் தூக்க ஒருத்தன் இல்ல.”

அத்தை உருளைக்கிழங்கு தோலைச் சீவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. “வாயை மூடு. அவன் உசிரு இன்னும் இந்த வீட்டுலதான் சுத்திக்கிட்டிருக்கும்.”

சங்கத்தின் இயக்குநர் விட்கோம்ப் அம்மாள் கூப்பிட்டாள். சங்கத்தின் சார்பில் பெரிய படம் ஒன்று சட்டம் போட்டுக் கொண்டுவருகிறோம், தலைநகரில் கோட்டு சூட்டோடு எடுத்தது என்றாள். நகர மன்றத்திலிருந்து ஒரு பாராட்டுப் பத்திரமும் வருகிறது என்றாள்.

“ஆளுங்க வேணும்” என்றாள் டெல்ஃபின். “பெட்டி தூக்க.”

விட்கோம்ப் அம்மாள் குரலைத் தாழ்த்தினாள். “அது வந்து டெல்ஃபின், எங்க மெம்பர்ஸை நாங்களே அனுப்பினா, நாளைக்கு அந்த ஆபீசோட எங்களுக்கு இருக்கிற உறவு... உனக்குப் புரியும்னு நினைக்கிறேன்.”

டெல்ஃபினுக்குப் புரியவில்லை. வைத்துவிட்டாள்.

புரியவைத்தவர் தாடியஸ். சாயங்காலம் பின்வாசல் கதவைத் தட்டினார். லூசியஸ் சிறை வாசலில் நின்று அழைத்து வந்த முதல் ஆள் அவர்தான். அறுபதைத் தாண்டியவர். மில்லில் இரவு காவலாளி. அத்தை ஊற்றிக் கொடுத்த காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

“நேத்து போய் நின்னேம்மா, கோர்மனுக்கு. பெரிய கோட்டு எடுத்துட்டுப் போனேன். வத்தித்தான் வந்தான். சங்கத்து வேலையா போனதால அதுக்கு அனுமதி உண்டு.”

“நாளைக்கு நீங்களாவது வருவீங்களா மாமா?”

தாடியஸ் காப்பியையே பார்த்தார். “புதன்கிழமை ஆபீஸ்லேர்ந்து எல்லாருக்கும் ஒரு தாள் வந்துச்சு. அடக்கத்துக்குக் கூடினாலும் கூடினதுதானாம். விதிமீறலாம். நான் கேட்டேன். கோவில் வாசல்ல நிக்கலாமான்னு கேட்டேன். ரெண்டு பேருக்கு மேல தெரிஞ்ச மூஞ்சி இருந்தா, நீயே வெலகிப் போயிடணும்னாரு என் ஆபீசர். எனக்கு இன்னும் பதினோரு வருஷம் பாக்கி இருக்கும்மா. திரும்ப உள்ள போனா இனி வெளிய வரமாட்டேன்.”

“இதை ஏன் போன்ல ஒருத்தரும் சொல்லல? முதுகுவலி, ஷிப்டுன்னு...”

“வெக்கம். அம்பது வயசு ஆம்பள, ‘எங்க ஆபீசர் விடமாட்டாரு’ன்னு ஒரு பொண்ணுகிட்ட எப்படிச் சொல்லுவான்? முதுகுவலின்னா கௌரவமா இருக்கு.”

அத்தை உருளைக்கிழங்குத் தோலை அள்ளிக் குப்பையில் போட்டாள். குழாயைத் திறந்து நெடுநேரம் கை கழுவினாள்.

“உங்கப்பா எதுக்கு இந்தக் கேட்டு வாசல்ல நிக்கிற வேலையைப் பிடிச்சாருன்னு தெரியுமா?” என்றார் தாடியஸ். “அவரு வெளிய வந்தன்னிக்கு யாரும் வரல. பிப்ரவரி மாசம். சிறையில குடுத்த மெல்லிசு சட்டை. மூணு மணி நேரம் பஸ் நிறுத்தத்துல நின்னாராம். ‘யாருக்காவது எழுதியிருக்கலாம்ல’ன்னேன். ‘எழுதினேன்டா, என் பொண்ணுக்கு எழுதினேன், தபால்ல தொலைஞ்சிருச்சு போல’ன்னாரு. ‘பாவம், கெடைச்சிருந்தா ஓடி வந்திருப்பா’ன்னாரு. எத்தனை தடவை சொல்லியிருப்பாரு! அந்தத் தபால் ஆபீஸ்காரனை நான் இன்னிக்கும் திட்டிக்கிட்டுதான் இருக்கேன்.”

கடிதம் தொலையவில்லை. டெல்ஃபினின் அலமாரியில், பழைய சீருடைகளுக்கு அடியில் இருந்தது. வந்த அன்றே மூன்று தடவை படித்தாள். தேதி, நேரம், எந்த வாசல், எந்தப் பேருந்து எல்லாம் கொட்டை கொட்டையான எழுத்தில். ‘வேலை இருந்தால் வர வேண்டாம்’ என்று கடைசியில் ஒரு வரி. அன்று அவளுக்கு வேலை இல்லை. விடுமுறை. காலை முழுக்கத் துணி துவைத்தாள்.

அவள் அப்பாவிடம் அதைச் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை. தொலைந்துவிட்டது என்று நிஜமாகவே நம்பினாரா என்பதை இனிமேல் யாரிடமும் கேட்க முடியாது.

“காப்பி ஆறிடுச்சு மாமா” என்றாள். “வேற தரேன்.”

தாடியஸ் போன பிறகு பிராண்டைக் கூப்பிட்டாள். அவர் பொறுமையாகக் கேட்டார். ஒவ்வொருவரும் அவரவர் அதிகாரியிடம் எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும், ஐந்து வேலை நாள் ஆகும் என்றார்.

“அடக்கம் நாளைக்கு சார்.”

“புரியுது மேடம்.”

“அப்போ அஞ்சு நாள் முன்னாடியே சாகப் போறேன்னு அவர் எழுதிக் குடுத்திருக்கணும்.”

 அவள் வைக்கும்வரை பிராண்ட் போனை வைக்கவில்லை.

சனிக்கிழமை பனி நின்றிருந்தது. ஏரிப் பக்கமிருந்து காற்று மட்டும் அடித்தது. அத்தையின் சின்னக் கோவிலில் பதினெட்டு வரிசை பெஞ்சு. முன்வரிசைகளில் அத்தையோடு பாடுகிற கிழவிகள் தொப்பிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். விட்கோம்ப் அம்மாளும் அவள் உதவியாளனும் படத்தை ஒரு முக்காலியில் நிறுத்திக்கொண்டிருந்தார்கள். மீதிப் பெஞ்சுகள் காலி. பெட்வே அறுபது பேருக்கு அச்சடித்து வைத்திருந்த ஜெபத் தாள்கள் மேசையில் அடுக்கிய அடுக்குக் கலையாமல் இருந்தன.

கடைசி வரிசையில் பிராண்ட். கருப்பு டை கட்டியிருந்தார். “மரியாதைக்காகத்தான் வந்தேன் மேடம், ஆபீஸ் விஷயமா இல்ல” என்றார் எழுந்து.

டெல்ஃபின் ஜன்னல் வழியே பார்த்தாள். தெருமுனையில் ஒரு ஆள், கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வந்தான். கோவில் வாசலில் நின்ற பிராண்டின் காரைப் பார்த்தான். அப்படியே தெருவைக் கடந்து எதிர்ப்பக்கமாக நடந்து போனான். கொஞ்ச நேரத்தில் இன்னொருவன். அவனும் காரைப் பார்த்தான், திரும்பினான். அவள் ஐந்து பேர்வரை எண்ணினாள். பிறகு ஜன்னலை விட்டு விலகி வந்து உட்கார்ந்தாள்.

பாதிரியார் ஜெபித்தார். விட்கோம்ப் அம்மாள் பாராட்டுப் பத்திரத்தை வாசித்தாள். இன்றைய தேதி இந்த நகரத்தில் லூசியஸ் மேப்ரி நாளாக அறிவிக்கப்படுகிறது. சமுதாயத்தில் ஒருவருக்கொருவர் துணைநிற்பதன் உயர்ந்த எடுத்துக்காட்டாக அவர் விளங்கினார். வாசித்து முடித்துச் சட்டம் போட்ட அந்தப் பத்திரத்தை டெல்ஃபினின் கையில் கொடுத்து, நாலு வார்த்தை பேசும்படி கேட்டாள்.

டெல்ஃபின் எழுந்து பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.  பத்திரத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கைமாற்றிப் பிடித்தாள்.

“பெட்டி தூக்க ஆள் வேணும்” என்றாள். “பெட்வே ஐயாவோட ஆளுங்க மூணு பேர் இருக்காங்க. இன்னும் மூணு பேர் வேணும்.”

கிழவிகளின் தொப்பிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. விட்கோம்ப் அம்மாளின் உதவியாளன், இளவயதுக்காரன், தயங்கித் தயங்கி எழுந்தான். பிறகு கடைசி வரிசையில் பெஞ்சு கிறீச்சிட்டது. பிராண்ட் எழுந்து டையைச் சரிசெய்துகொண்டு நடைபாதையில் நடந்து வந்தார். பெட்டியருகே வந்து கைப்பிடியை நோக்கிக் கையை நீட்டினார்.

ஓசெல்லா அத்தை அவருக்கும் பெட்டிக்கும் நடுவில் வந்து நின்றாள். அவர் நெஞ்சுயரம்கூட இல்லை.

“நீ உக்காரு தம்பி” என்றாள். “அவனை நீ பிடிச்சு வெச்சிருந்தது போதும்.”

 பிராண்டின் முகம் காதுவரை சிவந்தது. ஒரு அடி பின்வாங்கி, பிறகு திரும்பி, காலி பெஞ்சுகளுக்கு நடுவே வாசலை நோக்கி நடந்தார்.

அத்தை கைப்பையைப் பெஞ்சில் வைத்துவிட்டு ஒரு கைப்பிடியைப் பிடித்தாள். டெல்ஃபின் பத்திரத்தைப் பாதிரியாரிடம் கொடுத்துவிட்டு இன்னொன்றைப் பிடித்தாள். பெட்வே “தூக்குங்க” என்றார். பெட்டி அவள் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. ஐம்பது கிலோகூட இல்லாமல் போன மனிதர். மரம்தான் இவ்வளவு கனக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். படியிறங்கும்போது அத்தையின் மூச்சு விசில்போல் கேட்டது. “அத்தை, விடுங்க” என்றாள். “பேசாம நட” என்றாள் அத்தை.

கல்லறைத் தோட்டம் ஊருக்கு வெளியே, ரயில் தண்டவாளத்துக்கு அப்பால். சவ வண்டிக்குப் பின்னால் இரண்டே கார்கள் போயின. மூன்றாவதாகக் கொஞ்சம் தூரம் விட்டு பிராண்டின் கார். அது வாசலுக்குள் நுழையவில்லை. வெளியே, என்ஜினை அணைக்காமல் நின்றது.

புது மண்ணின் குவியலைப் பச்சைத் தார்ப்பாயால் மூடியிருந்தார்கள். பெட்டியை இறக்கிக் குழியின் குறுக்கே கட்டியிருந்த பட்டைகளின்மேல் வைத்தபோது டெல்ஃபினின் உள்ளங்கையில் கைப்பிடியின் தடம் சிவப்பாக விழுந்திருந்தது. அத்தைக்கு ஒரு மடக்கு நாற்காலி போட்டார்கள். பாதிரியாரின் குரலைக் காற்று பிய்த்துக்கொண்டு போயிற்று.

அப்போதுதான் டெல்ஃபின் தலைநிமிர்ந்து பார்த்தாள்.

பத்தடிக்கு அப்பால், ஒரு பழைய சிலுவைக்கு முன்னால் ஒரு ஆள் தலை குனிந்து நின்றிருந்தான். தன் வீட்டில் செத்த யாரையோ பார்க்க வந்திருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். அவனுக்கும் அப்பால் வேலியோரம் இன்னொருவன், வேறொரு கல்லுக்கு முன்னால். மேட்டில், தேவதைச் சிலையருகே ஒருவன். மொட்டை மரத்தடியில் ஒருவன், கையில் பெட்ரோல் பங்கில் வாங்கிய பூங்கொத்து. போன வசந்தத்தில் இறந்துபோன ஏதோ ஒரு குழந்தையின் கல்லுக்கு முன்னால், பலூன் கம்பி இன்னும் செருகியிருந்த இடத்தில், இரண்டு கையையும் கட்டிக்கொண்டு தாடியஸ். தோட்டம் நெடுகிலும், மேட்டிலும் சரிவிலும், ஒரு கல்லுக்கு ஒரு ஆளாக அவர்கள் நின்றிருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஒருவருக்கும் இன்னொருவருக்கும் நடுவே குறைந்தது மூன்று கல்லறைகள் இருந்தன. தொளதொளவென்று பெரிய கோட்டுப் போட்ட ஒருவன் மட்டும் எங்கே நிற்பது என்று தெரியாமல் இரண்டு கல்லுக்கு நடுவில் தடுமாறி, பிறகு ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டான்.

விட்கோம்ப் அம்மாள் திரும்பிப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். வாசலில் நின்ற காரின் ஜன்னல் கண்ணாடி பாதி இறங்கியது. அதற்கப்புறம் அதில் எந்த அசைவும் இல்லை.

“எத்தனை பேர்?” என்றாள் அத்தை, நாற்காலியிலிருந்து. அவளுக்குத் தூரப்பார்வை போதாது.

“எண்ணல அத்தை.”

பெட்டி இறங்கியது. மேட்டிலும் சரிவிலும் தொப்பிகள் தலையிலிருந்து இறங்கின. ஒரே நேரத்தில் இல்லை, முன்னும் பின்னுமாக, தற்செயலாக நடப்பதுபோல. பாதிரியார் மண்ணை எடுத்துப் போட்டார். அத்தை போட்டாள். டெல்ஃபின் குனிந்து அள்ளினாள். உறைந்த மண் கட்டியாக வந்தது. அதை விரலால் உடைத்து உடைத்துப் போட்டாள்.

எல்லாம் முடிந்து மற்றவர்கள் கார்களுக்கு நடந்தார்கள். அவள் அங்கேயே நின்றாள். ஆட்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். ஒருவன் வேலியின் கிழிசல் வழியே, ஒருவன் தண்டவாளத்துப் பக்கம், ஒருவன் பின்வாசலுக்கு. ஒருவன் போன வழியில் அடுத்தவன் போகவில்லை. தாடியஸ் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

கடைசியாகப் பழைய சிலுவைக்கு முன்னால் நின்ற ஆள் மட்டும் மிச்சம். அவனை அவளுக்குத் தெரியாது. போன ஆறு வருடத்தில் ஏதோ ஒரு காலையில் அப்பா போய் நின்ற ஏதோ ஒரு ஆள். அவன் குனிந்து, தான் நின்ற அந்தக் கல்லின்மேல் படிந்திருந்த பனியைக் கோட்டுக் கையால் துடைத்தான். உள்ளே பதிந்திருந்த பெயர் தெரிகிறவரை ஒவ்வொரு எழுத்தாகத் துடைத்தான். எழுபது வருடத்துக்கு முன்னால் செத்துப்போன யாரோ ஒரு வெள்ளைக்காரியின் பெயர். துடைத்து முடித்ததும் தொப்பியைப் போட்டுக்கொண்டு தண்டவாளத்தைப் பார்த்து நடந்தான்.